எலியின் மச்சையில் மனித இரத்தம்

பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பிரசவத்தின்போது தொப்புள்கொடியிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் குருத்துக்கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருக்கும். நம் இரத்தம் முழுவதும் உருவாவது அத்தகைய கலங்களிலிருந்துதான். அவற்றைப் பிரித்தெடுத்து, நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றுவோம். எலியின் எலும்புக்குள் இரத்தம் ஊறும் என்பு மச்சை அவற்றுக்கு இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பதே ஆராய்ச்சி.

முதல் தொகுதி எலிகளில் கலங்கள் மச்சைக்குப் போய்ச் சேர்ந்தன, ஆனால் நிலைக்கவில்லை. எலியின் எலும்பு விடுக்கும் அழைப்பு மனிதக் கலத்துக்கு விளங்குகிறது, அது வளரத் தேவையான புரதம்தான் சரியாகப் பொருந்தவில்லை என்றார் பேராசிரியர். மனிதப் புரதத்தையே சுரக்கும் இன்னோர் இன எலிகளை வரவழைத்தோம்.

அந்த நாட்களில்தான் மடவளையில் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி இரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அவள் சம்மதித்திருந்தாள்.

"என்ட புள்ளட ரத்தமும் எலிக்குப் போகுமா?" என்று கேட்டாள்.

"போகலாம் ராத்தா. போத்தல்ல நம்பர் மட்டும்தான் ஈக்கும். யார்டன்னு எங்களுக்குத் தெரியா."

குழந்தைக்கு வெந்நீர் கொண்டுவந்த உம்மா அப்படியே நின்றுவிட்டார். "மனுசன்ட ரத்தத்தப் போய் எலிக்கா?"

மச்சை மாற்றுச் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கு இது உதவும் என்று விளக்கினேன். உம்மாவின் முகச்சுளிப்பு மாறவில்லை.

சில மாதங்கள் கழித்து, கலங்கள் ஏற்றிய புதிய எலிகளில் ஒன்றை மயக்கிக் கொன்று, தொடை எலும்பை எடுத்தேன். கொல்லும் வேலை எனக்கு இன்னும் பழகவில்லை. எலும்பை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, எலும்பின் உட்சுவரையொட்டி மனிதக் கலங்கள் பச்சையாக ஒளிர்ந்தன. ஒன்றிரண்டல்ல, கூட்டங்கூட்டமாக. பேராசிரியர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கு, நல்லா இருக்கு" என்றார்.

அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மாலையில் வீட்டில் அக்கா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். உம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"இது உசுரோட ஈக்கா?"

"எலும்ப எடுக்கும்போது ஈந்திச்சு, உம்மா."

"அந்த எலி?"

"மவுத்தாப் பெய்த்து. நான்தான்..."

உம்மா படத்தை வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு, "பாவம், மனுசன்ட ரத்தத்த அது வெச்சுப் பாத்துக்கிட்டு ஈந்திக்கே" என்றார்.

எங்கள் ஆய்வுகூடத்தில் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை.