அரிசி வெந்தால் என்ன மாற்றம்?

என்னை முதன்முதலாக சீஃப் ஆக்கிய அன்று, காலை டீ வருவதற்குள் என் மேசையில் வேலை நின்றுபோனது. காரணம், சோறு.

உயர்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். முதல்முறை தாள் திருத்தப் போகும் இளம் ஆசிரியர்கள் இப்போதும் போன் போட்டு, "கஷ்டமா இருக்குமாங்க மேடம்?" என்று கேட்கிறார்கள். இருக்கும்தான். ஆனால் கஷ்டமான கேள்விகளால் வராது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்று நாம் நினைக்கிற கேள்விதான் கழுத்தைப் பிடிக்கும்.

சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அந்த முகாம். சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து பத்தாம் வகுப்புக்கு ஒரே கேள்வித்தாளில் திருப்புதல் தேர்வு வைத்திருந்தோம். தாள்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, பெயரை மறைத்து, மேசை மேசையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சீஃப். விடைக்குறிப்பை விளக்குவது, திருத்தியதில் சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்பது, சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர் வேலை. முதல் இரண்டுக்கு நான் தயாராகப் போயிருந்தேன்.

புழுங்கல் அரிசிக்காரர்

கேள்வி இதுதான்: "அரிசி வெந்து சாதமாவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? காரணம் தருக." விடைக்குறிப்பில், "வேதியியல் மாற்றம். மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது" என்று இருந்தது. வகைக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு ஒன்று.

சென்னியப்பன் சார் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பவானிக்காரர். அவர் அப்பா காலம் வரைக்கும் குடும்பத்தில் அரிசி மில் ஓட்டியவர்கள்.

"ஏனுங்க டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க. எனக்குக் கை ஓடலைங்க."

கோழி கிளறியது போன்ற கையெழுத்து; பையன்தான் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். எழுதியிருந்தது இது: "இயற்பியல் மாற்றம். நெல்லை அவித்துக் காயவைத்து அரைத்தால் புழுங்கல் அரிசி. வெந்தும் அது அரிசியாகவே இருக்கிறது. மறுபடியும் வேகவைக்கலாம்."

நான் அதை இரண்டு முறை படித்தேன். எதிரில் இருந்த ரமீஜா டீச்சர் எட்டிப் பார்த்தார். கோவை கோட்டைமேட்டுக்காரர், கூட்டலில் தப்பே விடமாட்டார்.

"ஆன்சர் கீல என்ன இருக்கு சார்? வேதியியல். முட்டை போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க."

"எப்படிங்க போறது? பையன் சொல்றது நெசந்தானுங்க. நெல்லு அவிக்கறப்ப உள்ள இருக்கற அரிசியும் வெந்துதான போகுது? காய வெச்சா திரும்ப அரிசி ஆயிருதுங்களே."

"அது முழுசா வேகலை. பாதி வேக்காடு."

"அப்பப் பாதி வெந்தா பாதி வேதியியலுங்களா? அரை மார்க்குப் போட்டறட்டுங்களா?"

மேசையே சிரித்தது. ரமீஜா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "சோத்தை மொட்டை மாடியில காய வெச்சுப் பாருங்க. அரிசியா ஆகும்? வத்தல்தான் ஆகும். பையன் உங்க மில்லுப் பையனா சார்?"

"மில்லை வித்து வருசம் ஆச்சுங்க அம்மணி. இப்ப அங்க கல்யாண மண்டபம் நிக்குது."

நான் தாளின் முகப்பைத் திருப்பிப் பார்த்தேன். மற்ற விடைகளையெல்லாம் சென்னியப்பன் சார் திருத்திக் கூட்டியிருந்தார். தேர்ச்சிக்குச் சரியாக இரண்டு மதிப்பெண் குறைவு. இது பொதுத்தேர்வு இல்லைதான். ஆனால் தவறியவர்களைக் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பில் போட்டு வறுத்தெடுப்பார்கள், வீட்டிலிருந்து அப்பாவையும் கூப்பிட்டு வரச் சொல்வார்கள். பேப்பர் முழுக்கத் தடுமாறியிருந்த பையன், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தான்.

இன்னொரு பக்கம் என் பயம். விடைக்குறிப்பின்படி முட்டை போட்டால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. மதிப்பெண் கொடுத்தால், "இயற்பியல்" என்று எழுதிய அத்தனை பேருக்கும் நியாயம் சொல்ல வேண்டும். திருத்திக் கட்டி வைத்த தாள்கட்டுகளையெல்லாம் பிரிக்க வேண்டும். என் மேசையில் திருத்துகிற ஆறு பேரும் என்னைத் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறுவார்கள்.

"மத்தியானம் சொல்றேன்" என்றேன். சீஃப் ஆனதும் நான் முதலில் கற்றுக்கொண்ட வசனம் அது.

சாப்பாட்டு நேரம்

அந்தப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஒரு கை பச்சரிசி வாங்கி வந்தேன். என் டிபன் பாக்ஸில் சாதம் இருந்தது. முதலுதவிப் பெட்டியில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இருந்தது. மாவுப்பொருள் மீது அயோடின் பட்டால் கருநீலம் ஆகும். இதை எத்தனையோ வகுப்புகளில் செய்து காட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கே ஒரு பதில் வேண்டும் என்று செய்தது அன்றுதான்.

டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு பக்கம் நுணுக்கிய அரிசி, இன்னொரு பக்கம் சாதம். ஆளுக்கொரு சொட்டு விட்டேன். அரிசி கறுத்தது. சாதமும் கறுத்தது.

"பாத்தீங்களா! வேகறதுக்கு முன்னயும் மாவு, வெந்த பின்னயும் மாவு. புதுப் பொருள் எங்கீங்க வந்துச்சு?" என்று சென்னியப்பன் சார் கை தட்டினார்.

"திரும்பி வரலியே சார்? உப்பிப் போச்சு, குழைஞ்சு போச்சு. அதை மறுபடி அரிசியாக்கிக் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்" என்றார் ரமீஜா டீச்சர்.

இருவரும் சொன்னது சரி. சிக்கலும் அதுதான். நாங்கள் வகுப்பில் இரண்டு சோதனைகளைச் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்: புதுப் பொருள் உண்டானதா, பழைய நிலைக்குத் திரும்புமா. பனிக்கட்டிக்கும் எரியும் காகிதத்துக்கும் இரண்டும் ஒரே பதிலைத் தந்துவிடும். சோற்றிடம் கேட்டால், ஒன்று இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் இழுக்கிறது. கரும்பலகையின் நடுவில் கோடு போட்டு, மாற்றங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதியே காலம் தள்ளியவள் நான். அந்தக் கோட்டின் மேல் ஏறி உட்காருகிற பொருளும் உண்டு என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

அதற்குள் பக்கத்து மேசைக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஒருவர் தன் முட்டைக் குழம்போடு வந்து, "அப்படியே இதுக்கும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க டீச்சர்" என்றார். கூட்டத்தைப் பார்த்து முகாம் அலுவலர் வந்துவிட்டார். வேறொரு பள்ளியின் தலைமை ஆசிரியர் அவர். மேசையில் கறுத்துக் கிடந்த சோற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, சோறு கெட்டுப் போச்சுங்களா?"

விவரம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "எனக்கு ஹிஸ்டரிங்க. உங்க முடிவு எதுவோ செஞ்சுபோடுங்க. ஆனா ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துப்போடுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் முழிக்கக் கூடாதுங்க."

ஒரு வரி

முடிவைச் சொன்னேன். எந்த வகையை எழுதியிருந்தாலும், அதற்குப் பொருந்தும் காரணம் இருந்தால் இரண்டு மதிப்பெண். காரணமே எழுதாமல் "இயற்பியல்", "வேதியியல்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றுமில்லை. வேதியியல் என்று எழுதியிருந்தாலும் இல்லை. கட்டுகளைப் பிரிக்க வேண்டும்.

மேசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முதலில் கட்டைப் பிரித்தது ரமீஜா டீச்சர். "நான் இன்னும் ஒத்துக்கலை, சொல்லிட்டேன். ஆனா சீஃப் சொல்லியாச்சு" என்றபடி கயிற்றை அவிழ்த்தார்.

திரும்பப் படித்தபோதுதான் பிள்ளைகள் என்னென்ன எழுதியிருந்தார்கள் என்று தெரிந்தது. காலையில் எல்லோரும் முதல் சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்திருந்தோம். ஒரு பிள்ளை, "வேதியியல் மாற்றம். சாதம் மறுபடி அரிசியாகும் என்றால் எங்கள் அம்மா ஒரே அரிசியை மாதம் முழுக்கப் பொங்குவார்" என்று எழுதியிருந்தது. சென்னியப்பன் சார் அதை எழுந்து நின்று வாசித்துக் காட்டி, முழு மதிப்பெண் போட்டார். வேதியியல் என்று மட்டும் எழுதிக் காலையில் ஒரு மதிப்பெண் வாங்கியிருந்த சிலருக்கு இப்போது அது போயிற்று. அது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. புழுங்கல் அரிசிப் பையன் தேறிவிட்டான். அவன் யார், எந்தப் பள்ளி என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

முகாம் அலுவலருக்கு எழுதிக் கொடுத்த வரி: "இரண்டு விடைக்கும் இடம் இருப்பதால், மதிப்பெண் காரணத்துக்கு மட்டுமே வழங்கப்பட்டது." படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் கற்றதும் அந்த வரிதான். பிள்ளை எந்தப் பெட்டியில் போட்டது என்று பார்ப்பதற்கு முன்னால், ஏன் போட்டது என்று படியுங்கள். வகுப்பில் கோடு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது நாம் போட்ட கோடு என்பதையும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

எனக்கு அதற்குத் தண்டனையும் கிடைத்தது. "காரணம் காரணம்னு பேசறீங்க, நீங்களே எழுதுங்க" என்று அடுத்த ஆண்டுக் கேள்வித்தாளை என் தலையில் கட்டினார்கள். வம்பே வேண்டாம், உப்புக் கரைசலும் மணலும் கேட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. "தயிர்சாதம் ஒருபடித்தான கலவையா, பலபடித்தான கலவையா? காரணம் தருக" என்று எழுதிவிட்டேன்.

தேர்வு நடந்த அன்று மத்தியானமே ரமீஜா டீச்சர் போன் செய்தார்.

"டீச்சர், ஒரே ஒரு சந்தேகம். தாளிச்சதா, தாளிக்காததா?"