சபைக்காரன் மாற்றிய திரை

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போயிற்று. வலது கையும் விழுந்துவிட்டது. மகள் நாகர்கோவிலில் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். இடது கை விரலால் எழுத்துகளைத் தொட்டால், அது வாய்விட்டுப் பேசும். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் என் புருஷன் “சாளை மீன் வாங்கு” என்று சொன்ன அன்று, சிரித்துச் சிரித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு நாள் அது சாப்பாட்டு மேசையிலிருந்து விழுந்து திரை விரிசல் விட்டது. விழுந்து உடைந்தாலும் ஒரு தடவை இலவசமாக மாற்றித் தருவார்கள், வாரண்டியில் அது உண்டு என்று மகள் போனில் சொன்னாள். நாகர்கோவில் சர்வீஸ் சென்டருக்குத்தான் புறப்பட்டேன். ஆனால் மார்த்தாண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவன் எங்கள் சபைக்காரன், ஒரே சர்ச்சுக்குப் போகிறவன். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலருகே முழங்கால் போட்டு ஜெபித்தவன். ரிப்பேரானாலும் கல்யாணமானாலும் எங்கள் பக்கத்தில் முதலில் சபைக்காரனிடம்தான் ஒரு வார்த்தை கேட்போம். நானும் கேட்டேன்.

“அக்கா, அங்க குடுத்தா ஒரு மாசம் கிடக்கும். அதுவர அண்ணன் எப்படிப் பேசுவாரு? வாரண்டி எல்லாம் சும்மா பேப்பர்ல உள்ளது. சாயங்காலமே ஒரிஜினல் டிஸ்பிளே போட்டுத் தாறேன்.”

அண்ணன் எப்படிப் பேசுவார் என்ற கேள்வியில் நான் விழுந்தேன். மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் அவனிடமே கொடுத்தேன். ஜெபித்தவனைச் சந்தேகப்படவா?

கொஞ்ச நாளில் அந்தத் திரைக்குப் பேய் பிடித்தது. இவர் தொடாமலே எழுத்துகள் ஓடின. தொட்ட எழுத்து விழவில்லை. தண்ணீர் கேட்க முயன்று முயன்று, கடைசியில் டேப்லெட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சர்வீஸ் சென்டரிலிருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள். “வெளிய பிரிச்சிருக்காங்க அம்மா. டிஸ்பிளே டூப்ளிகேட், உள்ள போர்டும் போச்சு. இனி வாரண்டி கிடையாது. மொதல்லயே வந்திருந்தா ரெண்டு மூணு நாளில சும்மாவே மாத்தித் தந்திருப்போமே.”

அங்கிருந்து நேரே மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன்.

“பிரிச்சா வாரண்டி போவும்னு உனக்குத் தெரியுமா?”

அவன் தலையைத் தூக்கவில்லை. “தெரியும்க்கா. எனக்கும் கட ஓடண்டாமா?”

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ யாருக்குலே முழங்கால் போட்ட?” என்று கடை நிறைய ஆள் நிற்கக் கத்தினேன். பாவி, இவருடைய நாக்கையல்லவா இரண்டாம் முறை அறுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம். அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கே வந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டேன். இவர் தன் இடது கையைக் கொடுத்தார்.

வீடு வரும்வரை ஆட்டோவில் திட்டித் தீர்த்தேன். “அவனுக்கு எதுக்கு கை குடுத்திய? சொல்லுங்க.”

அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். உதடு நெடுநேரம் அசைந்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை.