நீலம் ஒட்டிய இடம்

பல்லக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் பல்லைப் பார்த்து அல்ல. பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் பதினோரு வருடம் உட்கார்ந்து, பல் போனவர்களுக்குப் பல்செட் செய்தவள் அவள். முன்னறையில் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். ஜன்னல் இல்லாத பின்னறையில் இவள் அச்சு வார்த்து, மெழுகில் பல்வரிசை கட்டி, ராவி, மெருகேற்றிக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கைவேலைதான். ஆனால் அந்தப் பாதிப் பேரில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது.

டாக்டர் கடையைக் கட்டிக்கொண்டு மகள் இருக்கும் நாட்டுக்குப் போய்விட்டார். அதன்பின் ஆறு மாதமாக வீட்டில்தான் இருந்தாள். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. சமையலறை டப்பாக்களை எத்தனை முறைதான் துடைத்து அடுக்குவது? கை சும்மா இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. விரல்கள் தலையணை ஓரத்தைத் தானாக நீவிக்கொண்டிருக்கும்.

அவள் கணவர் படகு இன்ஜின் மெக்கானிக். ஆற்றுமுகத்தில் தகரக் கூரை போட்ட அவருடைய பட்டறை வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அதன் வாசலைத் தாண்டியதில்லை. கேட்டால், "டீசல் வாடை தினமும் வீடு தேடி வருது. நான் வேற அதைத் தேடிப் போகணுமா?" என்பாள்.

அந்த மாதம் பட்டறையில் கிடந்தது பொறுமையின் இன்ஜின். பொறுமை என்பது பயணிகள் படகு ஓட்டுகிறவரின் பட்டப்பெயர். அவரிடம் மருந்துக்கும் இல்லாத ஒன்றைப் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலத்தான் நடப்பார். அவர் படகின் நடுவயிற்றில் இருந்த பழைய டீசல் இன்ஜின் கொஞ்ச நாளாகவே உள்ளுக்குள் டொக்கு டொக்கென்று தட்டியது. காலையில் ஆயில் பிரஷர் ஒழுங்காகக் காட்டும். இரண்டு நடை போய் வந்து சூடேறியதும் முள் சரிந்துவிடும். மெக்கானிக் ஆயிலைத் தொட்டு இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். வெள்ளி தூவியது போல மினுங்கியது.

"பேரிங் தேஞ்சு ஆயில்ல கலந்துடுச்சு. இனி ஒரு நடை ஓட்டுனாலும் நடு ஆத்துல நிப்பீங்க" என்று சொல்லி இன்ஜினை வெளியே தூக்கிவிட்டார்.

இன்ஜினின் முதுகெலும்பு போல நீளவாக்கில் கிடப்பது கிராங்க் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு. அதை மூன்று இடத்தில் பேரிங்குகள் தாங்குகின்றன. ஒவ்வொரு பேரிங்கும் குழாயை நெடுக்கில் பிளந்தது போல இரண்டு பாதி. உள்பக்கம் மெத்தென்ற வெள்ளை உலோகம் பூசியிருக்கும். அந்தப் பூச்சுதான் தேய்ந்திருந்தது. அவ்வளவு பழைய இன்ஜினுக்குப் புதுப் பேரிங் எங்கே கிடைக்கும்? டவுனில் உள்ள லேத் பட்டறைக்கு அனுப்பி, தண்டை வழவழப்பாக்கி, பேரிங்குகளில் புதிதாக உலோகம் வார்த்துக் கடைந்து வாங்கினார்கள். மிச்சமிருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்படி கையால் சுரண்டி இழைக்கும் வேலை. அதை மெக்கானிக் வேறு யாரையும் தொட விடமாட்டார்.

பேரிங் வந்து இறங்கிய அன்றே இன்னொரு படகின் கியர்பாக்ஸைத் தூக்கும்போது சங்கிலி நழுவியது. அவருடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

மறுநாள் காலை அவர் காபியைத் தொடாமல் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற மெக்கானிக்கிட்டக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"அடுத்த துறையில ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட ரெண்டு மாச வேலை வரிசையில நிக்குது."

"அப்படி என்னங்க பெரிய வேலை அது?"

எரிச்சலோடு, ஆனால் தொழிலைப் பற்றிப் பேசக் கிடைத்த ஆறுதலோடும், அவர் சொன்னார். "தண்டுல நீல மையை மெல்லிசாத் தடவணும். பேரிங்ல உக்கார வெச்சு ஒரு சுத்து சுத்தணும். தூக்கிப் பாத்தா, எங்க நீலம் ஒட்டியிருக்கோ அங்க மேடு. அதை மட்டும் சுரண்டணும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். எல்லா இடத்துலயும் ஒண்ணு போல ஒட்டுற வரைக்கும்."

அவள் சிரித்துவிட்டாள்.

"இங்க குடி முழுகிட்டு இருக்கு, உனக்குச் சிரிப்பு வருதா?"

"இல்லீங்க. மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவுல நீலக் காகிதத்தை வெச்சுக் கடிக்க விட்டு, பல்லுல மை எங்க ஒட்டுதோ அங்க ராவுறதுதானே பதினோரு வருஷமா என் பொழப்பு?"

"வாய் வேற, இன்ஜின் வேற" என்றார் அவர். ஆனால் பட்டறைக்குக் கிளம்பியவர், அவள் செருப்பை மாட்டும்வரை வாசலில் நின்றார்.

பட்டறையில் அவள் முதலில் செய்தது, எண்ணெய் போகும் துளைகளைப் பல் தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்தது. பிறகு சுரண்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். பென்சில் போல மூன்று விரலில் பிடித்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்த விரல்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இடது கையால் சங்கிலியை இழுத்துத் தண்டைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலையாயிற்று.

பத்து மணிக்குப் பொறுமை வந்தார். மெக்கானிக்கின் நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து பேரிங்கைச் சுரண்டுவதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"என்ன மெக்கானிக், விளையாடுறியா? நாப்பது பேரை ஏத்திட்டுப் போற படகு! இந்தம்மாவுக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள்.

"அண்ணே, கீழ்வரிசைப் பல்லு இப்ப உறுத்துதா?"

"என்னது?"

"இடது பக்கம் ரெண்டாவது பல்லைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கச் சொன்னீங்க. வரிசையா இருந்தா ஊர்ல எல்லாரும் பல்செட்டுன்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு. டாக்டர் சீட்டுல எழுதி அனுப்புனாரு. நான்தான் சாய்ச்சேன்."

பொறுமை கையால் வாயைப் பொத்தினார். அத்தனை பெரிய ரகசியத்தைப் பட்டறையில் வைத்துப் போட்டு உடைத்துவிட்டாளே! கையை எடுக்காமலே, "உறுத்தலம்மா" என்றார். "ஒரு நாளும் உறுத்துனதில்ல." அன்று அவர் சத்தம் போடாமல் போனார்.

அப்படியே நேராக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்காம் நாள் நடுப் பேரிங்கில் அவள் சறுக்கினாள். ஓர் ஓரத்தில் நீலம் அழுத்தமாக ஒட்டியிருந்தது. பழைய பழக்கத்தில் கொஞ்சம் தாராளமாக எடுத்துவிட்டாள். பல்செட் என்றால் ஈறு கொஞ்சம் இடம் கொடுக்கும். இரும்பு கொடுக்குமா? அடுத்த சுற்றில் அந்த இடத்தில் நீலமே ஒட்டவில்லை. மேடு பள்ளமாகிவிட்டது.

அவள் சுரண்டியைக் கீழே வைத்தாள். கணவர் குனிந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "திரும்ப வார்க்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் ஆற்றைப் பார்த்து நின்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அந்தப் பேரிங்கைத் துணியில் சுற்றினாள். பஸ் ஏறி, மடியில் அதைக் குழந்தை போல வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்குத் தானே போனாள். லேத்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா கண்ணு கலங்குது? உங்க வீட்டுக்காரரே ரெண்டு தடவை இப்படிப் பண்ணிட்டு வந்திருக்காரு. சொல்லியிருக்க மாட்டாரே!"

அன்று மாலை பட்டறையைப் பூட்டும்போது அவள் கேட்டாள். "ஏங்க, நீங்களும் ரெண்டு தடவை பள்ளம் பறிச்சீங்களாமே?"

அவர் பூட்டையே பார்த்துக்கொண்டு, "மூணு" என்றார்.

அவள் சிரித்தாள், அவருக்கும் சிரிப்பு வந்தது. கை உடைந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு நடக்கும்போது முதல் பள்ளம் எப்படி விழுந்தது, தொழில் பழகிய இடத்து முதலாளி என்ன சொன்னார், அவரிடம் சிக்காமல் இரண்டு நாள் எப்படி ஒளிந்து திரிந்தார் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

புதிதாக வார்த்த பேரிங் இரண்டு நாளில் வந்தது. இந்த முறை அவள் அவசரப்படவில்லை. ஒரு தடவைக்கு நகக்கண் அளவுதான் எடுத்தாள். தண்டு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அவர் இடது தோள் வீங்கிப்போனது. ஒன்பதாம் நாள் மத்தியானம் தண்டைத் தூக்கியபோது, மூன்று பேரிங்கிலும் நீலம் சிறுசிறு புள்ளியாக, தூறல் விழுந்த தரை போல ஒரே சீராகப் படிந்திருந்தது. மூடிகளை வைத்து போல்ட்டுகளை முறுக்கினார்கள். இடைவெளி சரியா என்று மெல்லிய ஈயக் கம்பியை இடையில் வைத்து நசுக்கி, அதன் தடிமனைப் பார்த்தார் அவர். பிறகு தண்டின் நுனியை இரண்டு விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் சுழன்றது.

இன்ஜினைப் படகில் இறக்கி, மற்றதெல்லாம் பூட்டி முடிக்க இன்னும் நான்கு நாள் ஆயிற்று. படகுத்துறையில் பொறுமை கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு மெக்கானிக் நிறுத்தச் சொன்னார். பக்கவாட்டு மூடியைத் திறந்து, வழக்கமாகத் தானே கை விடுகிறவர், ஒதுங்கி நின்றார்.

"நீ தொட்டுப் பாரு."

அவள் கையை உள்ளே விட்டு மூன்று பேரிங்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மூன்றும் ஒரே சூடு, ஆறிய டீ டம்ளரின் சூடு. எந்த இடத்திலும் சுடவில்லை.

பிறகு அக்கரைக்கும் இக்கரைக்குமாக நான்கு நடை போனார்கள். ஆயில் பிரஷர் முள் ஏறிய இடத்திலேயே நின்றது. டொக்கு டொக்கென்ற சத்தம் போன இடம் தெரியவில்லை. பொறுமை முதல்முறையாக, இறங்கும் பயணிகளை அவசரப்படுத்தாமல் நின்றார்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது மெக்கானிக்கின் மணிக்கட்டு முக்கால் பங்குதான் திரும்பியது. ஸ்பேனர் பிடிக்க அது போதும். சுரண்டி பிடிக்கப் போதாது. அதைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசவில்லை. அவர் டவுனுக்குப் போய், உயரம் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு நாற்காலியும் வெளிச்சமான மேசை விளக்கும் வாங்கி வந்து, ஜன்னலோரம் போட்டார். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து, மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் பேரிங் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார். மெக்கானிக் எழுந்து கையை நீட்டினார்.

"இது உங்களுக்கில்ல அண்ணே" என்று வந்தவர் தயங்கினார். "பல்லக்கா இருக்காங்களா?"

"உள்ளதான் இருக்காங்க" என்றார் மெக்கானிக். "செருப்பைக் கழட்டிட்டுப் போங்க. தூசி பட்டா அவங்களுக்குக் கோவம் வரும்."