நடு ஸ்பீக்கர்

என் அக்கா வேலை செய்வது டின் மூடி வெட்டும் கம்பெனியில். பிரஸ் மெஷின் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் நெஞ்சுக்கூடு அதிரும். காதில் வைக்க இயர் பிளக் அங்கே உண்டு, சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் சூப்பர்வைசர் அதைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். இப்படியே வருஷங்கள் ஓடி அக்காவின் காது பாதி போய்விட்டது. நாசமாய்ப் போன கம்பெனி ஒரு நாளாவது அதைப் பற்றிக் கேட்டிருக்குமா?

அவளுக்குச் சத்தம் கேட்கும், பேச்சுதான் புரியாது. முகத்தைப் பார்த்துச் சமாளிப்பாள். சாயங்காலம் அத்தானும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்தால் இவளும் உட்காருவாள். ஆரம்பத்தில் "என்னவாம்? என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சும்மா பாரும்மா, அப்புறம் சொல்றேன்" என்பாள் மகள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. பிறகு அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் சிரித்தால் கொஞ்சம் தாமதமாக அவளும் சிரிப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காது மெஷின் வாங்கிப் பார்த்தாள். எதிரே ஆள் பேசினால் பரவாயில்லை; டிவியில் மட்டும் பேச்சும் இசையும் ஒன்றாகக் கலந்து இரைச்சலானது. காதைச் சோதித்த பெண்தான் ஒரு வழி சொன்னாள். "படத்துல பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். ஸ்பீக்கரையெல்லாம் இணைக்கிற ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கினா, அதோட சத்தத்தை மட்டும் தனியா ஏத்தி வச்சுக்கலாம்." அன்றிலிருந்து அக்கா ஓவர்டைம் பார்த்துப் பணம் சேர்த்தாள்.

கடைக்கு அக்கா, அத்தான், நான் மூவரும் போனோம். பணம் அக்காவுடையது, காது அக்காவுடையது. விற்பனையாளன் பேசியதெல்லாம் அத்தானிடம்.

"இந்த செட்டைப் பாருங்க சார். ஏழு ஸ்பீக்கர், கூடவே அதிர வைக்கறதுக்குப் பெரிய வூஃபர். ஹெலிகாப்டர் நம்ம தலைக்கு மேலயே போகும்!"

போட்டுக் காட்டினான். கடைக் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. அத்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இதுல பேச்சு எதுல வரும்?" என்று கேட்டாள் அக்கா.

அவன் அத்தானைப் பார்த்தே பதில் சொன்னான். "நடுவுல சின்னதா இருக்கே, அதுல சார். அதை யாரும் பெருசா கண்டுக்கறதில்ல."

"கேட்டது அவங்க. அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன் நான். பக்கத்தில் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டுமே, எனக்கென்ன?

அக்கா நிதானமாக இருந்தாள். "எனக்கு ஹெலிகாப்டர் வேணாம் தம்பி. அதைத்தான் கம்பெனியில தினமும் கேக்கறேன்." ஐந்து ஸ்பீக்கர் வரை இணைக்கக்கூடிய சாதாரண ரிசீவர், முன்னால் வைக்க சுமாரான ஒரு ஜோடி, மிச்சம் இருந்த பணத்துக்கெல்லாம் நல்லதாக ஒரு நடு ஸ்பீக்கர். அவ்வளவுதான். பின்னால் வைப்பதும் வூஃபரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அத்தானுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சுத்திச் சுத்திச் சத்தம் வர்ற சரவுண்டுன்னு சொல்லிட்டேனே. பின்னாடி ஒண்ணுமில்லாம என்னத்த சரவுண்டு?"

"நீங்க பின்னாடி உக்காந்து சத்தம் போடுங்க அத்தான்" என்றேன்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா முகமே சரியில்லை. "வீண் செலவுடி. முன்ன மாதிரியேதான் இருக்கு. என் காதுதான் ஒண்ணுக்கும் உதவாது போல."

எழுந்துபோய் டிவி ஸ்டாண்டைப் பார்த்தேன். அந்த வீட்டில் புதுப் பொருளின் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க அத்தான் விடமாட்டார். சோபா கவருக்குள், ரிமோட் கவருக்குள். நடு ஸ்பீக்கரும் கவரோடு கீழ்த்தட்டில் படுத்துக்கிடந்தது, அதற்கு முன்னால் கண்ணாடிக் கதவு வேறு சாத்தியிருந்தது!

"தூசி படுமேன்னுதான்..." என்று இழுத்தார் அத்தான்.

"உங்களையும் ஒரு கவர்ல போட்டுக் கட்டி வைக்கணும். அப்ப தெரியும்!" கவரைக் கிழித்தேன். ஸ்பீக்கரை வெளியே எடுத்து டிவிக்குக் கீழே, அக்காவின் முகத்துக்கு நேராக வைத்தேன். ரிசீவரில் அதன் சத்தத்தை மட்டும் ஏற்றினேன். அதையும் யாரும் செய்திருக்கவில்லை.

இரண்டு வருஷமாக அவர்கள் தினமும் பார்க்கும் தொடரை மகள் போட்டாள். அதில் ஒரு மாமியார். உர்ரென்ற முகம். அவள் திரையில் வந்தாலே அக்கா "சண்டாளி, உருப்படுவியா நீ" என்று ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கும் வாயைத் திறந்தாள், அப்படியே நிறுத்திவிட்டாள். கொஞ்சம் முன்னால் குனிந்து கேட்டாள்.

"இவ திட்டலயேடி" என்றாள் என்னிடம். "'நீ படிக்கப் போ, வீட்டை நான் பாத்துக்கறேன்'னுல்ல மருமகள்கிட்ட சொல்றா. இவ நல்லவளா?"

மகள் சிரித்தாள். "ஆரம்பத்துல இருந்தே நல்லவதாம்மா."

"அப்ப நான் இவளைத் திட்டும்போதெல்லாம்?"

"நீ திட்டறது வேடிக்கையா இருக்கும். அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டோம்" என்றார் அத்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் தப்பான ஆளைத் திட்டுவதைப் பார்த்து ரசித்திருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ரிமோட்டை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"முதல் எபிசோட்ல இருந்து போடு."

"ஐயோ அம்மா, நூத்துக்கணக்குல இருக்கு!"

"இருக்கட்டும். போடு. எல்லாரும் கூட உக்காந்து பாக்கறீங்க."

அத்தான் மெல்ல எழுந்தார். "எனக்குக் காலையில வேலைக்குப் போகணும்."

"எனக்கும்தான் போகணும்" என்றாள் அக்கா. "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.