திராட்சைத் தோட்டத்து மோட்டார்களும் கிருபாவதி டீச்சரின் கிதாரும்

எழுபத்தாறாம் வருஷம் காமயகவுண்டன்பட்டிக்கு மாற்றலாகி வந்த கிருபாவதி டீச்சர், பஸ் கூரையிலிருந்து சாமான் இறங்கும்போது தகரப் பெட்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை, மெத்தையைப் பற்றியும் கவலைப்படவில்லை. "அதச் சாய்க்காதீகண்ணே! ஐயோ, அதச் சாய்க்காதீக!" என்று ஒரே ஒரு பெட்டிக்காகத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கறுப்புத் துணி ஒட்டி, முன்பக்கம் சல்லடைத் துணி போட்டு, கன்றுக்குட்டி கனம் கனத்தது அது. வீட்டுக்காரி பொன்னாத்தாள் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன.

"என்ன ஆத்தா இது, ரேடியோவா?"

"இல்லக்கா. கிதார் சத்தத்தப் பெருசாக்குற பெட்டி. வால்வு ஆம்ப்ளிஃபயர்."

"கிதாருன்னா?"

அந்தக் கேள்விக்கு டீச்சர் அன்று சாயங்காலமே பதில் சொல்லிவிட்டாள். தெருவில் மேய்ந்த கோழிகள் அத்தனையும் கூரை ஏறிவிட்டன.

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர் அவளுடைய அப்பா. மலைமேல் ஒரு எஸ்டேட்டில் வெள்ளைக்காரர்கள் ஆடிப் பாடிய கிளப்பை இழுத்து மூடியபோது, வியாபாரப் பழக்கத்தில் அவரிடம் 'வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். மனுஷன் மகளிடம் தேக்கு மேசை வேண்டுமா, நிலைக்கண்ணாடி வேண்டுமா என்று கேட்டார். மகள் மூலையில் கிடந்த மின்சாரக் கிதாரையும் அந்தப் பெட்டியையும் காட்டினாள். கல்யாணச் சீருக்கு ஆகுமே என்று கண்ணாடிக்கு ஆசைப்பட்ட அம்மா ஒரு வாரம் பேசவில்லை. கல்யாணமும் இன்னும் ஆகவில்லை, அது வேறு கதை.

பெட்டியைக் கையாள அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டியே அடித்துச் சொல்லித் தந்தது. போடியில் ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில், கிதார்க் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் மைக்கைத் தொட்டாள். கரண்டு அவளைத் தூக்கி ஆர்மோனியத்தின் மேல் போட்டது. எர்த் இல்லாத இடத்தில் சுவிட்சைத் தொடுவதில்லை என்ற ஞானம் அப்போது வந்தது. காமயகவுண்டன்பட்டி வீட்டில் குடியேறியதும் அவள் செய்த முதல் வேலை, கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் கம்பி இறக்கியதுதான். இன்னொரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்ட தைரியத்தில் உள்ளே கையை விட்டாள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டு உள்ளே பதுங்கியிருக்கும் என்பது தெரிந்தது, முழங்கை வரைக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு பெட்டியின் வயிற்றுக்குள் எந்தக் கோளாறு என்றாலும் உத்தமபாளையத்து ரேடியோ மெக்கானிக்தான்.

முதல் சுவிட்சைப் போட்டால் வால்வுகள் என்கிற அந்தக் கண்ணாடிக் குழாய்கள் சூடேறும். அவை சிவந்து நிற்கும்வரை பொறுத்திருந்து இரண்டாவது சுவிட்சைப் போட்டால்தான் குரல் வரும். ஸ்பீக்கர் வயரை மாட்டாமல் எதையும் போடக்கூடாது. போட்டால் சத்தம் போக இடமில்லாமல் பெட்டி தன்னையே எரித்துக்கொள்ளும். ஆயுத பூஜையன்று பொன்னாத்தாள் சந்தனமும் சொம்புத் தண்ணீருமாக வந்தபோது, கிறிஸ்து வேதக்கார டீச்சர் அவசரமாகக் குறுக்கே நின்றாள்.

"மரத்துல எத்தன பொட்டு வேணாலும் வைங்கக்கா. சூடா இருக்கிற கண்ணாடியில மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்காதீக. படார்னு போயிரும்."

"சாமிக்குப் பயப்படாதவ இந்த அடுப்புக்குப் பயப்படுறா பாரு" என்று சொல்லிக்கொண்டே பொன்னாத்தாள் பெட்டி முழுக்கப் பொட்டு வைத்தாள்.

இதெல்லாம் பயபக்தி. டீச்சருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது அதன் குரலில். பேஸைக் கொஞ்சம் குறைத்து, டிரெபிளைப் பாதியில் நிறுத்தி, வால்யூமை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தத்தின் ஓரம் லேசாகக் கிழியும். அந்த இடத்தில் ஒரு கம்பியைத் தட்டினால் சுரம் முதலில் கொஞ்சம் அமுங்கும், பிறகு மூச்சிழுத்துக்கொண்டு எழும், எழுந்து நின்று பாடும். மெதுவாகத் தட்டினால் கொஞ்சும், ஓங்கித் தட்டினால் அழும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் குமிழ்களுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள். தன் காதுக்கும் தன் விரலுக்கும் கிடைத்த பரிசு அது என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு சங்கடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசித்தால் அந்தக் குரல் வராது. அதே கோடுதான், அதே கிதார்தான். தகரத்தில் கல் விழுந்த மாதிரி வரும். சாயங்காலம் ஆனால் தானாக வந்துவிடும். பெட்டி நாள் முழுக்கச் சூடேறினால்தான் மனசு இளகும் போலிருக்கிறது என்று அவளே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டாள். படித்தவர்களுக்குக் காரணம் கற்பிக்கச் சொல்லியா தரவேண்டும்?

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் தேனி ஜேசுராஜ் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளிமணி இன்னிசைக் குழுவை நடத்துகிறவர். கேள்விப்பட்டு வந்தவர், கேட்டு முடித்ததும் குடித்துக்கொண்டிருந்த காப்பியை மறந்துவிட்டார்.

"டீச்சரம்மா, இந்தச் சத்தந்தான் எனக்கு வேணும். உங்க ஊர் காளியம்மன் பொங்கலுக்கு எங்க கச்சேரிதான். நடுவுல ஒரு பாட்டு முழுக்கக் கிதாருக்குத் தர்றேன். இதே சத்தம் அங்கன வந்துச்சுன்னா நீங்க நம்ம குழுவுல நிரந்தரம்."

"வரலைன்னா?"

"தேவதானப்பட்டி ஒச்சாண்டி அக்கார்டியனோட காத்துக்கிட்டு இருக்காரு. நீங்க வேணும்னா கோரஸ்ல நில்லுங்க."

கோரஸ்! பெண் என்றால் சேலை சரசரக்க வரிசையில் நின்று 'ஆ... ஆ...' என்று இழுக்க வேண்டும் என்றுதான் எல்லாக் குழுக்காரர்களும் நினைத்தார்கள். கிருபாவதிக்கு அதை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நாலு சுவருக்குள் பாடிக்கொண்டிருந்த அந்தக் குரல் ஒருமுறையாவது ஊர் நடுவில் நின்று பாட வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டால் ஊர் விடாது என்று நம்பினாள். சரி என்றாள்.

பொங்கலன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானமே மேடைக்கு வந்து எர்த் கம்பியைத் தானே இழுத்துப் பார்த்தாள். கோவில் மேடையில் செருப்புப் போடக்கூடாது, தரையோ தண்ணீர் தெளித்து ஈரமாகக் கிடந்தது. அதனால் ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். "டீச்சருக்கு மணப்பலகை போட்டாச்சு, மாப்பிள்ள எங்கன?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்க, சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மனசு இளகட்டும் என்று வால்வுகளை வெயில் தாழுமுன்பே சூடேற்றிவிட்டாள்.

இருட்டியதும் கச்சேரி தொடங்கியது. பாடுகிறவர்களின் மைக்செட் பேட்டரியில் ஓடியது. ஊர் லைனில் இருந்தவை மேடையின் டியூப்லைட்டுகளும் கிருபாவதியின் பெட்டியும்தான். முதல் பாட்டில் அவளுக்கு வாசிக்க ஒரு சின்னத் துண்டு. தட்டினாள்.

தகரத்தில் கல் விழுந்தது.

குனிந்து பார்த்தாள், குமிழ்கள் கோட்டில்தான் நின்றன. டிரெபிளைக் குறைத்தாள், கல் சாக்குக்குள் விழுந்தது. வால்யூமை ஏற்றினாள், பாடகரின் குரல் அமுங்கிப்போய் அவர் வாய் மட்டும் அசைந்தது. ஜேசுராஜ் கையைக் கீழே கீழே என்று ஆட்டினார். இறக்கினால் மறுபடி தகரம். மேடை ஓரத்தில் மடியில் அக்கார்டியனோடு உட்கார்ந்திருந்த ஒச்சாண்டி, மரியாதைக்காரர், அவளைப் பார்க்காமலே வார்ப்பட்டையைத் தோளில் மாட்டத் தொடங்கினார்.

இரண்டாவது பாட்டும் முடிந்தது. அடுத்தது அவளுடையது. அந்த இடைவெளியில் விழாக் கமிட்டித் தலைவர் செல்லப்பாண்டி, சந்தனம் பூசிய மார்போடு, மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். பெரிய திராட்சைத் தோட்டக்காரர். முகமெல்லாம் பெருமை.

"டீச்சர், கரண்டு எப்பிடி? கச்சேரிக்காக ஊர்ல ஒரு மோட்டார் ஓடல! தோட்டந்தோட்டமாப் போயி நானே சொல்லிட்டு வந்தேன். முடியிற வரைக்கும் எவனும் ஸ்டார்ட்டர்ல கை வைக்கக் கூடாதுன்னுட்டேன். டியூப்லைட்டப் பாத்தீகளா, எப்பிடி எரியுது!"

கிருபாவதி நிமிர்ந்து பார்த்தாள். டியூப்லைட்டுகள் பால் மாதிரி வெளிச்சம் கொட்டின. அவள் வீட்டு டியூப்லைட் ஒரு சாயங்காலம்கூட எரிந்ததில்லை. கண் சிமிட்டிச் சிமிட்டியே ஓய்ந்துபோகும். ஏனென்றால் மத்தியானம் ஓய்ந்து கிடக்கும் மோட்டார்கள் சாயங்காலம் பள்ளத்தாக்கு முழுக்க ஓடும், வால்டேஜ் படுத்துவிடும். வால்டேஜ் படுத்தால் வால்வுகளுக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால்தான்...

சாக்பீஸ் கோடாவது, விரலாவது! இத்தனை நாளும் அந்தக் குரலைக் குழைத்துக் கொடுத்தது கிணற்றடி மோட்டார்கள். செல்லப்பாண்டி பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தது. கர்வம் உடைந்த அந்த நொடியில் அவளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பெட்டியின் இரண்டாவது சுவிட்சை அணைத்துவிட்டு, கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு, நேரே மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். தயவு செஞ்சு உங்க மோட்டாரையெல்லாம் போடுங்க!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஏலே, டீச்சருக்கு என்னலே ஆச்சு?"

"நல்லதுக்குத்தானம்மா நிறுத்தச் சொன்னேன்!" செல்லப்பாண்டியின் முகம் சுண்டிவிட்டது.

"தெரியும்ணே. உங்க மனசு யாருக்கும் வராது. ஆனா கரண்டு நெறஞ்சு வந்தா இந்தப் பெட்டி வெறப்பா நிக்குது, பாட மாட்டேங்குது. கொறஞ்சு வந்தாத்தான் கொழையுது. நான் இத்தன நாளும் வாசிச்சது உங்க மோட்டார வச்சுத்தான். அது எனக்கே இப்பத்தான் தெரியும்."

மொக்கைச்சாமி எழுந்தார். பன்னீர் திராட்சை போட்டவர், சந்தேகப் பேர்வழி. "பழுக்கிற நேரம், தண்ணி பாஞ்சா பழம் வெடிச்சுப் போகும். உங்க பாட்டுக்கு என் கொடியா பலி?"

பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னாத்தாளின் குரல் கிளம்பியது. "கொடிக்கு ஏன் விடுறீரு? குழாயத் திருப்பிக் கிணத்துத் தண்ணியக் கிணத்துக்கே விடும்! நான் போறேன். என் மோட்டார் ஓடும். எந்த ஆம்பளைக்காவது ரோசம் இருந்தா எந்திரிச்சு வரட்டும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். ஊருக்கு வேறென்ன வேண்டும்? வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், சைக்கிளில் ஒருவர்மேல் ஒருவர் ஏறியவர்கள், தன் தோட்டம் எந்தத் திசை என்பதே மறந்து எதிர்ப்பக்கம் ஓடியவர்கள் என்று கூட்டத்தில் பாதி இருட்டுக்குள் பாய்ந்தது. மொக்கைச்சாமியும் முணுமுணுத்துக்கொண்டே ஓடினார். ஜேசுராஜ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். முப்பது ஊரில் கச்சேரி செய்தவர், கேட்க வந்த கூட்டம் கிணற்றுக்கு ஓடியதை அன்றுதான் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் கிழக்கே ஒரு மோட்டார் உறுமியது. மேடையின் ஓர டியூப்லைட் சிமிட்டியது. தெற்கே இரண்டு உறுமின. டியூப்லைட் அணைந்தது.

"ஐயையோ, என் லைட்டு!" லைட்டுக்காரர் சுருளியாண்டி மேடைக்குக் குறுக்கே ஓடினார். "டீச்சர், என் பொழப்பக் கெடுக்காதீக!"

"பெட்ரோமாக்ஸக் கொண்டாங்கண்ணே!"

ஒவ்வொரு தோட்டமாக மோட்டார்கள் சேர்ந்துகொள்ள, டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. கடைசி விளக்கும் அணைந்து மேடை மங்கியபோது, பெட்டியின் பின்பக்கத்து வால்வுகளின் செம்மையும் ஒரு பெட்ரோமாக்ஸின் வெளிச்சமும்தான் இருந்தன. கிருபாவதி பலகைமேல் ஏறினாள். இரண்டாவது சுவிட்சைப் போட்டாள். ஒரு கம்பியைத் தட்டினாள்.

சுரம் அமுங்கியது, மூச்சிழுத்தது, எழுந்தது.

பிறகு என்ன வாசித்தாள் என்பது அவளுக்கே முழுசாக நினைவில்லை. விரல் ஓடிய இடமெல்லாம் பெட்டி கூடவே ஓடி வந்தது. கொஞ்சச் சொன்ன இடத்தில் கொஞ்சியது, அழச் சொன்ன இடத்தில் அழுதது. எங்கோ ஒரு மோட்டார் புதிதாகச் சேரும்போதெல்லாம் குரல் இன்னும் ஒரு இழை கனிந்தது; அதைக் கேட்டு அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இன்னும் ஓங்கித் தட்டினாள். கூட்டம் விசிலடித்தது. இருட்டுக்குள் தோட்டங்களிலிருந்தும் பதில் விசில் வந்தது, கிணற்றடியில் நின்றவர்கள் அங்கேயிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒச்சாண்டி வார்ப்பட்டையைக் கழற்றிவிட்டு, அக்கார்டியன் பெட்டியின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஜேசுராஜ் மேடையேறினார். முகத்தில் சந்தோஷமும் கவலையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"சத்தம் அதேதான் டீச்சரம்மா, சந்தேகமே இல்ல. ஆனா அடுத்த கச்சேரி அனுமந்தன்பட்டியில. அதுக்கடுத்து தேவதானப்பட்டி. அங்கனயெல்லாம் யாரு மோட்டாரப் போடுவாக?"

கிடைத்தது கை நழுவுகிறதோ என்று கிருபாவதி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது முன்வரிசையிலிருந்து செல்லப்பாண்டி எழுந்தார். சுண்டிய முகம் எப்போதோ மலர்ந்திருந்தது.

"அனுமந்தன்பட்டியில என் சம்பந்தி இருக்காரு, ஏழு மோட்டாரு. தேவதானப்பட்டியில மச்சினன், கரும்புத் தோட்டம். நீங்க ஊர்ப் பேர மட்டும் சொல்லுங்க சார். டீச்சர் வாசிக்க ஏறுனா மோட்டார் ஓடும், நான் சொல்லி விடுறேன்!"

"அப்பன்னா வர்ற வெள்ளிக்கிழம கெளம்பிருங்க" என்றார் ஜேசுராஜ். "அக்கார்டியனும் வரட்டும், எடம் இருக்கு. கிதார் முன்னால."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, தெரு முழுக்க ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் பெட்டியை அணைத்தாயிற்று, வால்வுகள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தன. சூடு ஆறுமுன் நகர்த்தினால் உள்ளே இழை அறுந்துவிடும். கூட்டம் நெருக்குகிற மேடையில் அதை யாரை நம்பி விட்டுவிட்டு ஓடுவது? ஆகவே ஊர் மெச்சிய கிதார்க்காரி கிருபாவதி, பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் "தொடாதீக, சுடும்" என்று விரட்டிக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.