சரோ சீவ மறுத்த பென்சில்

போன வாரம் செண்டாயானில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்து 2B பென்சில் ஒரு பெட்டி கேட்டேன். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். "படம் வரையிறதுக்கா ஆன்ட்டி?" என்றாள். என் மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள் என்றேன். "ஆறாம் ஆண்டுக்குத்தான் இப்ப பரீட்சையே இல்லையே லா" என்று சிரித்தாள். மெனக்கெட்டுப் பென்சில் வாங்க வந்த இந்த அம்மாவுக்கு உலக நடப்பே தெரியாது என்று நினைத்திருப்பாள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. யூ.பி.எஸ்.ஆர். என்ற பெயரில் நாடு முழுவதும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து நடுங்கிய அந்தத் தேர்வை எப்போதோ நீக்கிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், என் மகள் கொஞ்சமும் நடுங்காமல் ஆறாம் ஆண்டை ஓட்டுவதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்க்கிறது. பதினோரு பிள்ளைகளை உட்கார வைத்து நடுங்கப் பழக்கியவள் நான். அந்தத் திறமைக்கு இப்போது வேலை இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். புதுப் பென்சிலின் மரவாசம் வந்தது. கூடவே சந்தன வாசமும் வந்தது. பெட்டியில் சந்தனம் ஏது? அது என் மூக்கு சேர்த்துக்கொண்டது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தை முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக் கடிதத்துக்காக வீட்டில் காத்திருந்த வருடம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதுவரை படித்த ஒரே ஆள் நான் என்பதால், பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆறாம் படிவம் படித்தவளுக்குக் கணக்கு வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். என் கணக்குத் தேர்ச்சி, கதவு சாத்தும் நேரத்தில் பஸ்ஸில் தொற்றிக்கொண்ட மாதிரி கிடைத்தது என்பது எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அம்மா அதை வெளியே விடவில்லை. மகள் டீச்சராக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

வகுப்பு நடந்த இடம் பழைய ஆயாக் கொட்டகை. அம்மாமார்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போன இடம். குழந்தைகள் இல்லாமல் போய், தொட்டில் கட்டிய கம்பிகள் மட்டும் உத்தரத்தில் தொங்கின. அடியில் என் ஆறாம் ஆண்டு மாணவர்கள் உட்கார்ந்து பின்னங்களைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். தூளி கட்டினால் தூங்கிவிடுவார்கள் போலிருக்கும். காற்று திசை மாறினால் கட்டிப்பால் நாற்றம் உள்ளே வந்து எல்லாரையும் எழுப்பிவிடும். ரப்பர் மரத்துக் கோப்பையில் உறைந்த பாலுக்கு அப்படி ஒரு நாற்றம் உண்டு. அது எனக்குச் செய்த உதவியைப் பிறகு எந்தக் கல்வி அதிகாரியும் செய்ததில்லை.

என் பலம் முழுக்கப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. விடைகள் அங்கேதான் இருந்தன. பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று கிளிப் போட்டு வைத்திருந்தேன். இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பின் நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் பதினோரு பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த நாசூக்கு உண்டு.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி சரோ. மண்டோரின் மகள். மண்டோர் என்றால் தோட்டத்து வெளிக்காட்டில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். வாய்ப்பாட்டில் அவளை அசைக்க முடியாது. கதை மாதிரிச் சொல்லி விடை கேட்கும் பிரச்சனைக் கணக்கு வந்தால்தான் வினை. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கதையை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அலியிடம் இருபத்து நான்கு ஆரஞ்சு இருக்கின்றன, மூன்றில் ஒரு பங்கை நண்பனுக்குக் கொடுத்தான், மீதம் எவ்வளவு? சரோவின் விடை சுழியம். ஏன் என்று கேட்டால், "வீட்டுல தங்கச்சி இருக்கும்லக்கா, விட்டு வைக்குமா?" ஒரு தொட்டியில் நிமிடத்துக்கு இவ்வளவு தண்ணீர் விழுந்தால் எத்தனை நிமிடத்தில் நிரம்பும்? "சாயங்காலமா காலையிலயாக்கா? சாயங்காலம்னா தண்ணி வராது."

உச்சம் அந்தக் கால்வாய்க் கணக்கு. மூன்று பேர் ஒரு கால்வாயை ஆறு நாளில் வெட்டினால், ஆறு பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? ஒன்பது நாள் என்று எழுதியிருந்தாள்.

"எப்படிடி ஒன்பது?"

"மூணு பேருன்னா வேல நடக்கும்க்கா. ஆறு பேருன்னா பேசிக்கிட்டே இருப்பாங்க. அப்பாதான் சொல்வாரு."

அன்று மாலை மண்டோர் மாமா மோட்டார் சைக்கிளில் அவளைக் கூட்டிப் போக வந்தபோது, எனக்குத் துணை கிடைக்கும் என்று நம்பி அவரிடம் கணக்கைச் சொன்னேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"மண்ணு எப்படிம்மா? களியா, மணலா?"

"மாமா, இது கணக்கு."

"சரிம்மா. ஆறு பேருல ஒருத்தன் ஒழுங்கான ஆளா இருந்தா ஏழு நாள். இல்லன்னா புள்ள சொல்றதுதான்."

விடைப் பக்கத்தில் மூன்று நாள் என்று போட்டிருந்தது. அவரிடம் காட்ட எனக்கே கூச்சமாக இருந்தது.

பெரிய தேர்வுக்கு முன் மாநில அளவில் ஒரு முன்னோட்டத் தேர்வு நடந்தது. பத்துப் பேர் தேறினார்கள். சரோ தேறவில்லை. அப்பாவும் மகளும் கணக்கில் ஒரே கட்சி என்றாலும், தோல்வி என்று தாளில் வந்ததும் மாமா கட்சி மாறிவிட்டார். "பெரிய பரீட்சையிலயும் இதே கதன்னா, அடுத்த வருசம் ஜொகூருல அவ அத்த வீட்டுக்கு அனுப்பிடுவேன். அங்க பெரிய பள்ளிக்கூடம், நல்ல டியூஷன்" என்றார். நல்ல டியூஷன் என்றபோது என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது அவருடைய நல்ல குணம்.

மறுநாள் சரோ எல்லாருக்கும் முன்னால் வந்து கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, எனக்கு ஜொகூரு வேணாம்."

"ஏன்டி, பெரிய ஊரு. நல்லா இருக்கும்."

"அங்க யாருக்கும் என்னத் தெரியாது. இங்க நாய்க்கும் என்னத் தெரியும்."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தின் அளவு தெரியாமல் இந்தப் பிள்ளை என்னை நம்பி நிற்கிறதே என்ற பயம்தான் பாதி.

அன்றுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. "சரோ, இது தாளுக்குள்ள இருக்கிற ஊரு. அங்க எந்நேரமும் தண்ணி வரும். ஆறு பேரும் வாயத் திறக்க மாட்டாங்க. அலிக்குத் தங்கச்சியே கிடையாது."

"அப்ப எல்லாமே பொய்யாக்கா?"

"ஆமா, பொய்."

"இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?" என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று எட்டுக் கணக்கில் ஆறு சரி. இரண்டு தப்பானது என்னால். கிளிப் போட்ட இடத்தில் விடை மறைந்திருக்க, நானே குத்துமதிப்பாகச் சொல்லிக் கொடுத்தேன்.

பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பிள்ளைகளின் எழுதுகோல்களைக் கோயிலில் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். ஆளுக்கொரு புது 2B பென்சில் நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். பின்னால் அழிப்பான்கூட இல்லாத மலிவுப் பென்சில். பூசாரி, பகலில் டிராக்டர் ஓட்டுகிறவர். எதைச் செய்தாலும் தாராளமாகச் செய்வார். பதினோரு பென்சிலையும் கூர்முனை சந்தனத்தில் முங்கும்படி குத்தி எடுத்து, மேலே குங்குமமும் வைத்து நீட்டினார். பிள்ளைகளின் முகத்தில் பயம் அப்படியே இருந்தது. தைரியம் கொடுக்க வேண்டுமே என்று நானும் ஒன்று சொல்லி வைத்தேன். "இந்த முனையில அம்மன் உக்காந்திருக்கா. பத்திரமா வச்சிக்கங்க."

அந்த ஆண்டு முழுவதும் நான் சொல்லிக் கொடுத்ததில் இது ஒன்றுதான் ஒருத்தி மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

தேர்வு நாளன்று பள்ளி வேலிக்கு வெளியே நானும் மண்டோர் மாமாவும் நின்றோம். முதல் தாளில் விடைக் கட்டங்களைப் பென்சிலால் கருமையாக்க வேண்டும். திருத்துவது இயந்திரம். மணி அடித்ததும் முதலில் ஓடி வந்த பையன் மூச்சு வாங்கச் சொன்னான், "அக்கா, சரோ எழுதாமயே உக்காந்திருந்தா!"

நடந்தது இதுதான். பன்னிரண்டாவது கேள்வி வரை அவள் போட்ட கட்டங்கள் சந்தன நிறத்தில் இருந்தன. அழித்து அழுத்திப் போட்டாள். முனை ஒடிந்தது. கையில் பென்சில் சீவும் துருவி இருந்தது. ஆனால் சீவினால் சந்தனமும் குங்குமமும் அவற்றோடு அம்மனும் சுருள் சுருளாகக் கீழே விழுந்துவிடுமே. வேறு பள்ளியிலிருந்து கண்காணிப்புக்கு வந்த மலாய் ஆசிரியை தன் பென்சிலை நீட்டியும் தலையாட்டி மறுத்துவிட்டாள். மற்றப் பத்துப் பேரும் முதல் நிமிடத்திலேயே சரசரவென்று சீவித் தள்ளியிருந்தார்கள். அவர்கள் நான் சொன்னதை நம்பவில்லை. கணக்கிலும் நம்பியதில்லை, இதிலும் நம்பவில்லை. நம்பியவள் சரோ ஒருத்திதான்.

அம்மனுக்காகத்தான் அவள் சீவவில்லை என்று பையன் சொன்னதும் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மன் உக்காந்திருக்குன்னு யாரு சொன்னது?"

"பூசாரியா இருக்கும் மாமா" என்றேன். இன்றைக்கும் இந்தப் பாவத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசி ஆளாக சரோ வந்தாள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். "எழுதினியாடி?"

அவள் பென்சிலை நீட்டினாள். ஒரு முனையில் குங்குமம் அப்படியே இருந்தது. மறுமுனை கூராகச் சீவியிருந்தது.

"பத்து நிமிசம் யோசிச்சேன்க்கா. அப்புறம் பாத்தா, பின்னாலயும் பென்சில்தானே?"

பிரச்சனைக் கணக்குப் போடத் தெரியாது என்று நான் பட்டம் கட்டியிருந்த பிள்ளை அது. கடைசிப் பக்கத்தில் விடை இல்லாத கணக்கைத் தானே போட்டுவிட்டு வந்து நின்றது. பெருமை தாங்கவில்லை எனக்கு. கட்டிப்பிடித்ததில் என் சட்டையெல்லாம் சந்தனம்.

கணக்கில் அவளுக்கு 'சி' வந்தது. "சி-ன்னா பாஸாம்மா?" என்று மாமா இரண்டு முறை கேட்டார். பாஸ்தான் மாமா என்றேன். மோட்டாரை எடுத்துக்கொண்டு போனவர், ஒரு கோணி நிறைய ரம்புத்தான் பழத்தோடு திரும்பி வந்து ஆயாக் கொட்டகையில் கொட்டினார். ஜொகூர் பேச்சு அதோடு நின்றது. எனக்குக் கல்லூரிக் கடிதம் வரவில்லை. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டேன். அங்கே விடைப் பக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு ஆண்டு கழித்துத் தோட்டத்தை வீடு கட்டி விற்கும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மண்டோர் மாமா குடும்பம் தெமியாங் பக்கம் வாடகை வீடு பார்த்திருந்தது. லோரியில் சாமான் ஏற்றிய அன்று நான் போயிருந்தேன். கட்டில், அலமாரி, சாமிப் படம் எல்லாம் ஏறின. நாய் மட்டும் ஏற மறுத்தது. சரோ பின்னால் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது.

"அக்கா, இங்கயே இருக்கணும்னுதானே நான் பாஸ் பண்ணேன்?"

மாமாவுக்கும் கேட்டிருக்கும். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார். நான் நாயைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நேற்று, வாங்கி வந்த பென்சிலில் ஒன்றை இரண்டு பக்கமும் சீவி மேசையில் வைத்தேன். "ஏம்மா இப்படி?" என்றாள் மகள். கதையைச் சொன்னேன். கால்வாய் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாம் முடிந்ததும் கேட்டாள், "அந்தத் தோட்டம் எங்கம்மா இருக்கு? ஒரு நாள் போலாமா?"

"இங்கதான்டி. நீ உக்காந்திருக்கியே, இங்கதான்."

அவள் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். வெள்ளை ஓடு பதித்த தரை. அன்று காலைதான் துடைத்திருந்தேன்.