டீக்கடை இருந்த கரை

என் வாழ்நாளில் ஒரே ஒரு மனிதரைத்தான் அடித்து எலும்பை முறித்திருக்கிறேன். அவர் எங்கள் பக்கத்து ஆள். அதிலும் என்னைக் காப்பாற்ற ஓடி வந்தவர்.

ஐந்தாண்டுத் திட்டமும் சிரமதானமும் மும்முரமாக நடந்த காலம் அது. மண்வெட்டி தூக்காத குமாஸ்தாவைத் திண்டுக்கல்லில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். காந்திகிராமத்தில் ஏதோ கூட்டம் கேட்டுவிட்டு வந்த எங்கள் தெரு டிராயிங் வாத்தியார், குடகனாற்றின் கரையை மழைக்கு மழை வெள்ளம் அறுப்பதைத் தடுக்கத் தொண்டர் குழு ஒன்று சேர்த்தார். தோல் வியாபாரம் செய்த ஒரு பாய், நான், இன்னும் சில ஆபீஸ் ஆசாமிகள். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்க் கரையோரம் மூங்கில் முளைக்குச்சிகள் அடித்து, நடுவே விளார்க் குச்சிகளைப் பின்னி, அதன் பின்னால் நாணலும் புங்கங்கன்றும் நடுவோம். மேற்குக் கரையில் மட்டும். விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. பஸ் அந்தப் பக்கம்தான் நின்றது. டீக்கடையும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

எதிர்க்கரையில் பயிர் வைத்துப் பிழைக்கும் ஒரு சம்சாரிக்குத் துண்டு வெங்காயக் காடு இருந்தது. முந்தின மழையில் அதில் பாதியை ஆறு கொண்டுபோய்விட்டது. மிச்சத்தை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒரு கரையை வலுவாக்கினால் வெள்ளம் மறு கரையில் போய் மோதுமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஆறுகளைப் பற்றி லைப்ரரியிலிருந்து தடிப் புத்தகம் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். தலைக்கு வைத்துப் படுக்க நல்ல உயரம்.

ஒரு நாள் அவர் மணலில் இறங்கி எங்களிடம் வந்தார்.

"ஏஞ்சாமி, இங்கிட்டு அடைச்சா தண்ணி எங்கிட்டுப் போகும்? ஏங்காட்டுக்குள்ளதான?"

"கரை இரண்டானாலும் நதி ஒன்றுதானே!" என்றேன். வாத்தியார் கைதட்டினார். சம்சாரி என் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு மச்சினன்மாரோடும் அரிவாள்களோடும் வந்தார். முளைகளை வரிசையாக வெட்டிச் சாய்த்தார்கள். வாத்தியார் ஓடிப்போய் ஒரு முளையைக் கட்டிக்கொண்டு, "என்னைய வெட்டிட்டு இத வெட்டு!" என்று கத்தினார். கேட்டதைக் கொடுப்பதில் அவர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. மூங்கிலில் சறுக்கிய அரிவாள் அவர் காது மடலில் பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று. கதர் ஜிப்பா தோளிலிருந்து இடுப்புவரை சிவந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் விறகுக்கட்டையோடு ஓடி வந்தார்கள். மச்சினன்மார் பின்வாங்கித் தங்கள் கரையில் ஏறிக் கல்லெறிந்தார்கள். நாங்களும் எறிந்தோம். ஆறு ஒரு கல்லெறி அகலம்தான். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு முன்பல் இரண்டு போயிற்று. எங்கள் கல் ஒன்று சம்சாரியின் நெற்றியைப் பிளந்தது. முகமெல்லாம் ரத்தமாக அவர் ஆற்றைத் தாண்டி என்னை நோக்கி ஓடி வந்தார்.

"ஏலே வெள்ள வேட்டி! நதி ஒண்ணுன்னு சொன்னவந்தான நீயி?"

மண்வெட்டிக் காம்பை எடுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினேன். பச்சை விறகு ஒடிவதுபோல் ஒரு சத்தம்.

"யா அல்லா! யோவ், நான் நம்மாளுய்யா!"

கண்ணைத் திறந்தேன். நடுவில் புகுந்த பாயின் கை கோணலாகத் தொங்கியது. சம்சாரியோ என்னைச் சட்டை செய்யாமல் தாண்டிப்போய், மண்டியிட்டு மிச்ச முளைகளைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். முதுகில் விறகுக்கட்டை மாறி மாறி விழுந்தது. அகிம்சையைப் பற்றி மாணவர்களுக்குப் படம் வரைந்து காட்டும் எங்கள் வாத்தியார் அவர் விலாவில் உதைத்தார். சம்சாரி பிடியை விடவில்லை.

"அடிங்கடா. ஆறு அடிச்சத விடவா அடிச்சிரப் போறீக?"

பாய்தான் வலியோடு கத்தினார். "விடுங்கய்யா அவர! காடும் போச்சுன்னா அந்த மனுசன் எங்க போவாரு?"

கட்டைகள் தாழ்ந்தன.

போலீசுக்கு யாரும் போகவில்லை. அடுத்த ஞாயிறு பாய் கட்டுப்போட்ட கையோடு எங்களைக் கிழக்குக் கரைக்கு நடத்திப் போனார். வெங்காயக் காட்டோரம் நாணல் நட்டோம். டீ கிடையாது. மச்சினன்மார் வரப்பில் உட்கார்ந்து, நாங்கள் குனிவதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஐப்பசி மழையில் ஆறு இரு கரையும் முட்டிப் புரண்டது. வடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். காடு அப்படியே இருந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது. நெற்றித் தழும்போடு வெங்காயத்துக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த சம்சாரியிடம், "பாத்தீங்களா, நம்ம நாணல் காப்பாத்திருச்சு!" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"நாணலா? அத அப்பவே மாடு மேஞ்சிருச்சு சாமி. அன்னைக்கு எங்க மேல எறிஞ்சீகளே, அந்தக் கல்லத்தேன் பொறக்கிக் கரையில அடுக்குனேன். இன்னுஞ் செத்த நேரம் எறிஞ்சிருந்தீகன்னா அந்த மூலையவும் அடைச்சிருப்பேன்."